பாறை சொல்லும் விடை: மைசூரில் புவி வேதியியல் ஆராய்ச்சி

மைசூருக்கு வடகிழக்கே கனகபுரா வட்டத்தில் கப்பாள்துர்கம் என்னும் குன்று உள்ளது. அதன் அருகே கல் வெட்டி எடுக்கப்பட்ட முகப்பு ஒன்றில், சாம்பல் நிறமும் கோடு கோடான வரிகளும் கொண்ட நைஸ் பாறை காணப்படுகிறது. அதன் ஊடே கரும்பச்சை நிறமும் எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பும் உடைய வேறொரு பாறை, திட்டுத் திட்டாகவும் கிளைவிட்ட நரம்புகளாகவும் படர்ந்திருக்கிறது. இரண்டிற்கும் இடையே கூர்மையான எல்லை இல்லை. நைஸ் பாறையின் வரிகள் கரும்பச்சைத் திட்டினுள் சிறிது தூரம் நுழைந்து, பின்னர் மங்கி மறைந்துவிடுகின்றன. ஒரு பாறை மற்றொன்றாக மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட காட்சி இது.

அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்னும் ஒரு கேள்வி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியல் அறிஞர்களை ஈர்த்து வந்துள்ளது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்திலிருந்து அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றவர்கள், உலக அளவில் கவனம் பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். புவி வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விரும்பும் மாணவர் இத்துறையில் உழைப்பு எதில் அடங்கியுள்ளது என்பதை அறியவும், ஆராய்ச்சிக்கு உதவி வழங்கும் அதிகாரிகள் அவ்வுதவி எங்கே பயன் தரும் என்பதை உணரவும் கப்பாள்துர்கத்தின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கல்லறையில் கிடைத்த பெயர்

கரும்பச்சைப் பாறையின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். அந்தக் கல் சென்னைப் பகுதியின் பாறையை ஒத்திருந்தது. பரங்கிமலையும் பல்லாவரமும் இப்பாறைக்குப் பெயர் பெற்ற இடங்கள். நீலகிரியும் சேர்வராயன் மலைகளும் பெரும்பாலும் இப்பாறையால் ஆனவை. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலைகளிலும் இதுவே மிகுந்துள்ளது.

சார்னோக்கைட் பாறையில் நீர் சேராத பைராக்சீன் என்னும் கனிமம் உண்டு. சாம்பல் நிற நைஸ் பாறையிலோ ஹார்ன்பிளெண்டும், பயோட்டைட் எனப்படும் கறுப்பு அபிரகமும் உள்ளன. இவ்விரு கனிமங்களின் கட்டமைப்பில் நீரின் கூறுகள் இடம்பெற்றுள்ளன. ஆகவே நைஸ் சார்னோக்கைட்டாக மாற வேண்டுமாயின், அதிலிருந்து நீர் வெளியேறியாக வேண்டும். கப்பாள்துர்கத்தில் இம்மாற்றம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில், 700 பாகை செல்சியசை எட்டிய வெப்பத்தில் நிகழ்ந்தது.

இந்த இடத்தின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டியவர் மைசூர் நிலவியல் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த சி. எஸ். பிச்சமுத்து. உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் சார்னோக்கைட் இங்கே காணப்படுகிறது என்று 1960-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பாறை முகப்பைக் கூர்ந்து நோக்கியதே அக்கட்டுரைக்கு அடிப்படை.

மைசூரில் வளர்ந்த மரபு

இத்தகைய பார்வை ஒரே நாளில் வந்ததன்று. மைசூர் சமஸ்தானம் 1894-ஆம் ஆண்டிலேயே தனக்கென ஒரு நிலவியல் துறையை அமைத்து, ராபர்ட் புரூஸ் பூட்டை அதன் தலைவராக நியமித்தது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல் தொடங்கப்பெற்றது. 1960-இல் மானசகங்கோத்ரி வளாகம் பட்ட மேற்படிப்பிற்கும் ஆராய்ச்சிக்கும் உரிய இடமாக உருப்பெற்றது. மைசூரைச் சுற்றியுள்ள நிலமே இத்துறை மாணவருக்குப் பெரும் பாடநூலாகும். 300 கோடி ஆண்டு அளவிலான தீபகற்ப நைஸ் பாறையும், அதனினும் பழமையான கூறுகளைக் கொண்ட சர்கூர்ப் பாறைத் தொகுதியும், இவற்றைவிட வயதில் மிக இளையதான சாமுண்டி மலைக் கிரானைட்டும் ஒரு நாள் பயணத்திற்குள் கிடைக்கின்றன.

இந்த வளாகத்தைச் சேர்ந்த ஏ. எஸ். ஜனார்தன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நியூட்டன், ஜோசப் ஸ்மித் ஆகியோருடன் இணைந்து 1979-ஆம் ஆண்டில் கப்பாள்துர்கம் பற்றிய ஆய்வை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். தெற்குக் கர்நாடகத்திலும் வடதமிழ்நாட்டிலும் நைஸ் சார்னோக்கைட்டாக மாறும் விதம் பற்றிய விரிவான ஆய்வு 1982-இல் தொடர்ந்தது. ஆழத்திலிருந்து மேலேறிய, கரியமில வாயு மிகுந்த பாய்மம் பாறையின் பிளவுகள் வழியே பரவி, அங்கிருந்த நீரின் செறிவைக் குறைத்தது என்பதும், அதனாலேயே ஹார்ன்பிளெண்டும் பயோட்டைட்டும் சிதைந்து பைராக்சீன் தோன்றியது என்பதும் அவர்கள் தந்த விளக்கம். பாறையின் கனிமங்களில் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய பாய்மத் துளிகளில் கரியமில வாயு இருப்பது இக்கருத்திற்கு வலுவூட்டியது.

களத்தைக் கால்நடையாக அறிந்தவர்களும், தொலைவில் இருந்த ஆய்வுக்கூடத்தின் நுண்கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்களும் ஒரே கேள்வியின்மேல் ஒன்று சேர்ந்ததாலேயே இம்முடிவு கிட்டியது.

பட்டத்திற்கு உரிய வழி

ஆராய்ச்சிப் பட்டத்திற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் திருத்தி அமைத்தது. அவற்றின்படி, முதுநிலைப் பட்டத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் தகுதியுடையவர். நான்காண்டு இளநிலைப் படிப்பை 75 விழுக்காட்டுடன் முடித்தவருக்கும் வாய்ப்பு உண்டு. இட ஒதுக்கீட்டிற்கு உரியோருக்கு 5 விழுக்காடு தளர்வு அளிக்கப்படுகிறது. பாடப் பயிற்சி உட்படக் குறைந்தது மூன்று ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பொதுவான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். எம்.ஃபில். பட்டம் இவ்விதிகளுடன் நிறுத்தப்பட்டது.

ஆராய்ச்சி உதவித்தொகையை நாடும் நிலவியல் மாணவர், அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவும் மானியக் குழுவும் இணைந்த ‘நெட்’ தேர்வில், புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல்களுக்கான தாளை எழுதுகிறார். 2024-25 கல்வியாண்டிலிருந்து, இத்தேர்வின் மதிப்பெண் ஆராய்ச்சிப் பட்டச் சேர்க்கைக்கும் ஏற்கப்படுகிறது. இளநிலை ஆராய்ச்சியாளருக்கான தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை ஆராய்ச்சியாளருக்கான தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

இவையெல்லாம் வாயிற்படிகளே. உள்ளே நுழைந்தபின் மாணவர் எதிர்கொள்ளும் முதற் கடமை, தம் கேள்வியைத் தெளிவாக வரையறுப்பதாகும். ‘இப்பகுதிப் பாறைகளின் புவி வேதியியல்’ என்பது ஒரு தலைப்பு, கேள்வியன்று. ‘இம்முகப்பில் நைஸ் சார்னோக்கைட்டாக மாறியபோது பொட்டாசியம் உள்ளே வந்ததா, வெளியே சென்றதா?’ என்பதே கேள்வி. முன்னதைக் கொண்டு எத்தனை அட்டவணைகளையும் நிரப்பலாம். பின்னதற்கோ விடை ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ வந்தாக வேண்டும். எந்தப் பாறையை, எங்கே, எத்தனை இடங்களில் எடுப்பது என்பதையும் கேள்வியே முடிவு செய்கிறது.

சுத்தியலின் பொறுப்பு

களத்தில் எடுக்கும் மாதிரி தவறானால், அதன்பின் எந்தக் கருவியாலும் அதைத் திருத்த இயலாது. கப்பாள்துர்கத்தில் இச்சிக்கல் நன்கு விளங்கும். மாற்றத்தை அளக்க வேண்டுமாயின், சாம்பல் நிற நைஸையும் அதை ஒட்டிய கரும்பச்சைத் திட்டையும் இணையாக எடுக்க வேண்டும். இரண்டும் முன்னர் ஒரே வரியைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் ஒப்பீடு பொருந்தும். நைஸ் பாறையோ வரிக்கு வரி வேறுபடுவது. கறுப்பு வரியிலிருந்து ஒன்றையும் வெளிர் வரியிலிருந்து மற்றொன்றையும் எடுத்துவிட்டால், பாறையில் இயல்பாக இருந்த வேறுபாடே ‘மாற்றம்’ எனத் தோன்றிவிடும்.

மாதிரியின் அளவும் முக்கியம். பருமணிகள் கொண்ட பாறையில் கைப்பிடியளவு துண்டு போதாது. ஒரு பெரிய மணி கூடினாலும் குறைந்தாலும் விடை மாறிவிடும். எனவே பல கிலோகிராம் எடையுள்ள, வானிலையால் சிதையாத பாறையைத் தேர்ந்து, எடுத்த இடம், திசை, அண்டைப் பாறையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அங்கேயே பதிவு செய்தல் வேண்டும். பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு கனிமங்களை இனங்கண்ட பிறகே, அதைத் தூளாக்க அனுப்புவது முறை.

தூளாக்கும் கட்டத்திலும் தவறு நேரலாம். எஃகு அரைவையில் இரும்பும் குரோமியமும் தூளில் கலக்கும். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்க்கும். அகேட் கல்லாலான உரலில் இத்தீமை குறைவு. வேலையோ மெதுவாக நடைபெறும். எந்தத் தனிமத்தை நாடுகிறோமோ அதற்கேற்ற அரைவையைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் பொறுப்பாகும்.

எண்ணும் உண்மையும்

சிலிக்கா, அலுமினா, இரும்பு போன்ற பெருங்கூறுகளை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியும், பத்து லட்சத்தில் சில பங்குகளாகவும் அதற்குக் குறைவாகவும் உள்ள அருந்தனிமங்களைப் பிளாஸ்மா நிறைமாலைக் கருவியும் அளக்கின்றன. ஐதராபாத்தில் 1961-இல் நிறுவப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய பகுப்பாய்வு வசதிகள் உண்டு. கருவி எண்களைத் தரும். அவ்வெண்களை நம்பலாமா என்பதை ஆராய்ச்சியாளரே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு வரலாறே சான்று. அமெரிக்காவில் ஜி-1 என்னும் கிரானைட் தூளும் டபிள்யூ-1 என்னும் டயபேஸ் தூளும் தயாரிக்கப்பட்டு, பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. முடிவுகள் 1951-இல் வெளியானபோது, ஒரே தூளுக்கு வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் தந்த எண்கள் எதிர்பாராத அளவிற்கு வேறுபட்டிருந்தது தெரிய வந்தது. தேர்ந்த பகுப்பாய்வாளர்களிடையேயும் இந்நிலை இருந்தமையால், அளவு தெரிந்த ஒப்புப் பாறைத் தூளைத் தம் மாதிரிகளுடன் சேர்த்தே அளக்கும் வழக்கம் உறுதிப்பட்டது. ஒப்புத் தூளின் அளவையும் பிழை எல்லையையும் தராத அட்டவணை, இன்று எந்த ஆய்வேட்டிலும் மதிப்புப் பெறாது.

எண்கள் சரியாக இருந்தாலும் பொருள்கோளில் தவறலாம். 100 கிராம் பாறையில் சிலிக்கா 70 கிராமும் மற்றவை 30 கிராமும் உள்ளதாகக் கொள்வோம். மற்றவற்றில் 10 கிராம் வெளியேறிவிட்டால் எஞ்சிய பாறை 90 கிராம். அதில் சிலிக்கா அதே 70 கிராம்தான். ஆயினும் விழுக்காட்டுக் கணக்கில் அது 77.8 ஆகிவிடும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர், வெளியிலிருந்து சிலிக்கா வந்து சேர்ந்தது என்று முடிவு கட்டுவார். உண்மையில் ஒரு துளியும் சேரவில்லை.

இப்பிழையைத் தவிர்க்க, எளிதில் இடம்பெயராத தனிமம் ஒன்றை அளவுகோலாகக் கொள்ளுவர். மேற்கண்ட எடுத்துக்காட்டில், முதற்பாறையில் சிர்கோனியம் பத்து லட்சத்தில் 180 பங்கு இருந்து, எஞ்சிய பாறையில் 200 பங்காகக் காணப்பட்டால், பாறையின் நிறை பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்தது என்பது புலனாகும். அந்தச் சிர்கோனியமும் அசையாமல் இருந்ததா என்பதை வேறு இரண்டொரு தனிமங்களைக் கொண்டு சோதிப்பது அவசியம். முன்னர்க் கேட்ட பொட்டாசியக் கேள்விக்கு இவ்வாறே விடை காண முடியும்.

கப்பாள்துர்கத்திற்கே இச்சோதனை பின்னர் வந்தது. அண்டைப் பாறைகளை இணையாக ஒப்பிட்ட ஜெர்மானிய ஆய்வாளர்கள், அங்கு நிகழ்ந்தது நீர் வெளியேற்றம் மட்டுமன்று என்றும், வேறு தனிமங்களும் உள்ளேறியும் வெளியேறியும் உள்ளன என்றும் 1987-இல் காட்டினர். இதே வகை மாற்றம், மிகப் பிற்பட்ட காலத்தில், கேரளத்தின் கோட்டவட்டத்திலும் பாதியில் நின்றுபோயுள்ளது. அதனை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் சி. ஸ்ரீகண்டப்பாவும் ஜெர்மனியின் எம். ரைத்தும் 1993-இல் விளக்கினர். நீரை வெளியேற்றியது கரியமில வாயுவா, பாறை ஓரளவு உருகியதால் தோன்றிய குழம்பு நீரை ஈர்த்துக்கொண்டதா, செறிந்த உப்புக் கரைசலுக்கு இதில் பங்கு உண்டா என்னும் விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. முந்தைய ஆய்வாளர் தம் மாதிரியின் இடத்தையும் எண்களையும் ஒளிவின்றிப் பதிவு செய்திருந்தால்தான், பின்வருவோர் அவற்றைத் திருத்தவும் மேலெடுத்துச் செல்லவும் இயலும்.

கிணற்று நீர் வரை

250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மாற்றத்தை அறிவதால் நாட்டிற்கு என்ன பயன் என்று கேட்கப்படுவது இயல்பு. நேரடியான விடை ஒன்று கிராமத்துக் கிணற்றிலேயே உள்ளது. கப்பாள்துர்கத்தில் சிதைந்த பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் ஆகிய அதே கனிமங்கள் ஃபுளோரினையும் தம் கட்டமைப்பில் கொண்டுள்ளன. அபடைட், ஃபுளோரைட் ஆகியவற்றிலும் அது உண்டு. இக்கனிமங்கள் மிகுந்த கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் நெடுங்காலம் பாறையுடன் தங்கும்போது ஃபுளோரைடு கரைகிறது. வறண்ட பகுதியில் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து குறைந்துவிட்டால், ஃபுளோரைடைக் கட்டுப்படுத்தும் தடையும் நீங்கி, அதன் அளவு உயர்கிறது.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து அருந்துவோருக்குப் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியிலும் தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் இத்துன்பம் அறியப்பட்டதே. எந்தப் பாறையில் கிணறு தோண்டினால் இடர் குறையும் என்று சொல்லக்கூடியவர், பாறையின் கனிமத்தையும் நீரின் வேதியியலையும் சேர்த்துப் படித்தவரே. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை மேற்கொண்டுள்ள தேசிய புவி வேதியியல் வரைபடப் பணிக்கும் இத்தகைய பயிற்சி பெற்றவர்கள் தேவை.

நிறைவேற வேண்டியவை

விலையுயர்ந்த கருவியை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வாங்கிவிட இயலாது. வாங்கினாலும் அதைப் பேணும் பயிற்சியாளரும் உதிரிப் பாகங்களும் இல்லையெனில் அது பயன் தராது. பொதுக் கருவிக்கூடங்களில் பிற பல்கலைக்கழக மாணவருக்கு உரிய நேரம் ஒதுக்கப்படுவதும், மாணவர் தாமே அருகிருந்து தம் மாதிரியைப் பகுத்துப் பார்க்க வாய்ப்பளிக்கப்படுவதும் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவன. கள ஆய்விற்கான பயணச் செலவு பெரிய தொகை ஆகாது; ஆனால் உரிய பருவத்தில் அது கிடைக்காவிடில் ஓராண்டு வீணாகும். மூன்றிலிருந்து ஆறாண்டு வரையிலான கால எல்லையில் ஓராண்டு என்பது சிறு இழப்பன்று. உதவித்தொகையும் மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்வது, அதன் அளவைப் போன்றே முக்கியமானது.

ஆய்வு முடிந்தபின் பாறை மாதிரிகளும் தூள்களும் எண்களும் பாதுகாக்கப்பட வேண்டும். பெயர்ச்சீட்டு உதிர்ந்த பாறைத்துண்டு வெறுங்கல்லே. சீட்டும் குறிப்பேடும் இருக்குமாயின், இருபதாண்டுகள் கழித்துப் புதிய கருவியுடன் வரும் மாணவருக்கும் அது விடை தரும்.

பிச்சமுத்து 1960-இல் எழுப்பிய கேள்விக்கு 1979-இல் ஒரு விடையும், 1987-இல் அவ்விடைக்கு ஒரு திருத்தமும் வந்தன. ஒரு மாணவரின் ஆராய்ச்சிப் பட்டம் இத்தகைய நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாகும். அக்கண்ணி உறுதியாக அமைய, சரியான இடத்தில் எடுத்த பாறையும் நேர்மையாக அளந்த எண்ணும் தெளிவாகக் கேட்ட கேள்வியும் வேண்டும். மைசூரைச் சூழ்ந்த குன்றுகளில் பாறைக்குக் குறைவில்லை. அவற்றிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளும் இன்னும் எஞ்சியுள்ளன.